சந்திரிகையில் செய்த லைட்

பூவரசன் கடையில் போய் ஒரு சாமானும் வாங்க மாட்டான். வீட்டில் கிடக்கிறதை வைத்தே எதையும் செய்துவிடுவான். கல்யாணமான புதிதில் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று சுகுணாவும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வீடியோ எடுக்க லைட் செய்கிறேன் என்று அவன் பட்டுப்புழுக் கொட்டகைக்குள் நுழைந்த அன்றைக்கே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

அவன் வயரிங் வேலை பார்க்கிறவன். ஆறு மாதமாக அதைப் பாதியில் விட்டுவிட்டு, பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றி யூட்யூபில் பேசிக்கொண்டிருந்தான். வளர்ப்பது சுகுணா. மல்பெரித் தழை வெட்டுவது, வேளாவேளைக்குப் போடுவது, கழிவு அள்ளுவது, சுண்ணாம்பு தூவுவது எல்லாம் அவள். பேசுவது மட்டும் அவன். அதுவும் படமெல்லாம் ஒரே இருட்டு. கொட்டகை அப்படித்தான் இருக்கும். சாக்கும் நிழல்வலையும் கட்டி வெயில் புகாமல்தானே புழுவை வளர்க்கிறார்கள்.

தழை தின்று முடித்துப் பழுத்த புழு கூடு கட்டுவதற்கென்று மூங்கில் தட்டியில் சுருள் சுருளாகப் பட்டை பின்னியிருப்பார்கள். சந்திரிகை என்று பெயர். அதில் ஒன்றை எடுத்துப் பாதியாக அறுத்தான். திருவிழா வேலையில் மிஞ்சிய எல்.இ.டி. பட்டையைச் சுருளோடு சுருளாக ஒட்டினான். குஞ்சுப் புழுவுக்கு மேலே மூடுகிற மெழுகுத்தாளை முன்பக்கம் இழுத்துக் கட்டி, பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டரைச் சொருகினான். வெளிச்சம் கண் கூசாமல் பால் மாதிரி விழுந்தது. செய்த வேலையில் குறை சொல்ல முடியாது.

"ஒரு சந்திரிகை போனா ஆயிரம் புழுவை நான் எங்கங்க விடறது? மத்ததுல நெருக்கித்தான் விடணும்" என்றாள்.

"ஒண்ணுதானே புள்ள. கடையில இந்த லைட்டு என்னா விலை தெரியுமா?"

"வெளிச்சமும் ஆகாதுங்க. ட்ரெயினிங்ல சொன்னாங்க."

"அது குண்டு பல்பு காலத்துப் பேச்சு. சூடுதான் ஆகாது. இது எல்.இ.டி. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். சூடே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் குரலை இறக்கினான். "உன் புழுவை ஊரே பார்க்கட்டும் சுகுணா. முதல்ல நான் பேசிடறேன், அப்புறம் நீ வந்து பேசு." அந்த இடத்தில்தான் விழுந்தாள். தன் முகமும் ஒரு தடவை படத்தில் வரட்டுமே என்ற ஆசை அவளுக்கு இருந்தது; பொய் சொல்வானேன். பீரோவில் மடித்து வைத்திருந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இந்தப் பருவத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போன பருவம் நோயில் பாதிப் புழு செத்தபோதே மாமனார் வெங்கடாசலம் சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி பார்ப்பேன். இதுவும் போச்சுன்னா மல்பெரியைப் புடுங்கிட்டு மரவள்ளி நட்டுருவேன். நீ மறுபடியும் கம்பெனி பஸ்ஸுல ஏறிக்கம்மா." கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் அந்த பஸ்ஸில் போய் வந்தவள் சுகுணா. பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டிய பிழைப்பு. செத்தாலும் அதற்குத் திரும்புவதில்லை என்றுதான் மாமனாரிடம் மன்றாடி இந்த ஒரு ஏக்கரை வாங்கியிருந்தாள்.

புழுவைச் சந்திரிகையில் ஏற்றிய அன்று காலை பத்து மணிக்கு வீடியோ தொடங்கியது. லைட்டுக்கு ஸ்டாண்ட் கிடையாது, சுகுணாதான் ஸ்டாண்ட். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பேசினான், திணறினான், முதலிலிருந்து பேசினான். கொட்டகையில் எதற்கு லைட் என்று யாராவது கமெண்ட்டில் கேட்பார்களே என்று தோன்றியதோ என்னவோ, நடுவில் ஒரு போடு போட்டான்: "வெளிச்சம் இருந்தா புழு சுறுசுறுப்பா கூடு கட்டும் நண்பர்களே."

சுகுணாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த வாயை நினைத்துப் பின்னால் தன்னையே எத்தனை திட்டு திட்டிக்கொண்டாள்!

மறுநாளும் எடுத்தான். புழுவெல்லாம் வெளிச்சத்தை விட்டு ஒதுங்கி, இருட்டான ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடைந்து கிடந்தது. "ஏங்க, போதுங்க" என்று கெஞ்சினாள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றான். சாயங்காலம் போனில் சார்ஜ் தீர்ந்தது. அவள் பேசும் முறை வரவேயில்லை. அன்றைக்கே வீடியோவைப் போட்டுவிட்டான், ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள்.

கூடு எடுக்கிற அன்று கை வைத்த இடமெல்லாம் இரட்டைக் கூடு. இரண்டு புழு சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டினால் அது பெரிதாக, கோணலாக இருக்கும். உள்ளே இரண்டு நூலும் சிக்கிக்கொண்டு எடுக்கவே வராது. நூற்றுக்கு நாலைந்து இருப்பது வழக்கம். இங்கே மூன்றில் ஒன்று அப்படி.

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மாமனாரும் கூட வந்தார். நூல் எடுக்கிறவர்கள் வந்து ஒரு கை அள்ளினார்கள், பார்த்தார்கள், திரும்பக் கொட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்கள். கடைசியில் ஒருவர் கழிவுக் கூட்டின் விலைக்குக் கேட்டார். வெங்கடாசலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"வெள்ளிக்கிழமை டிராக்டருக்குச் சொல்லிடறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த மனிதர் வந்தார். ஐம்பது வயசிருக்கும். பூவரசனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வீடியோவுல வர்ற சாருங்களே! நான் டேவிட்ராஜுங்க, மொரப்பூர் பக்கம். இதுதான் எனக்கு மொத பருவம். இன்னைக்கு காலையிலதான் புழுவை ஏத்தினேன். நீங்க சொன்ன மாதிரியே அஞ்சு லைட் செஞ்சு சுத்தி மாட்டிட்டு, வெலை நெலவரம் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சுகுணாவின் பாடு முடிந்துவிட்டது. இவருக்கு இன்னும் நேரம் இருந்தது. தட்டிலிருந்து இரட்டைக் கூடு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அண்ணா, வூட்டுக்குப் போன் போட்டு முதல்ல அந்த லைட்டை நிறுத்தச் சொல்லுங்க. எங்க கூடு இப்படி ஆனதே அதுனாலதான்."

அவர் கூட்டை உருட்டிப் பார்த்தார். "நல்லா பெருசாத்தானே இருக்குதும்மா?" என்றார் குழப்பமாக. பிறகு பூவரசனைப் பார்த்தார்.

இப்போதாவது உண்மையைச் சொல்வான் என்று சுகுணா நம்பினாள். அவன் அப்பா நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"லைட்டுனால ஒண்ணும் ஆகாதுங்க. வூட்டுல புழுவை நெருக்கி விட்டுடுச்சு, அதான். வெலை போகலைன்னு மனசு கெட்டுப் போய்ப் பேசுது. நீங்க தைரியமா போங்க."

டேவிட்ராஜ் முகம் தெளிந்தது. "ஒரு நிமிசம் பயமுறுத்திட்டீங்கம்மா" என்று சிரித்தார். கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எம் பொண்ணுகிட்ட காட்டறேன். எங்களுதும் இந்த அளவுக்கு வரணும்."

சுகுணா அங்காடி வாசல் வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினாள். "அண்ணா, நான்தாங்க வளர்க்கறேன். நான் சொல்றதைக் கேளுங்கண்ணா!"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கம்மா" என்றார் அவர், நிற்காமல்.