நூறு ரூபாய்க்கு ஒரு கிரைண்டர்

சீட்டு எடுத்து வந்த இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு ரூபாயை என் வீட்டுக்காரர் நாகராஜ் ஃபோனில் சிவப்பா, பச்சையா என்று பணம் கட்டும் சூதாட்டம் ஆடித் தொலைத்துவிட்டார். புதுக் கிரைண்டருக்கென்று வைத்திருந்த பணம் அது. தாராவியில் விடியுமுன் நான் இட்லி அவித்துக் கொடுக்க, அவர் சைக்கிளில் கொண்டுபோய் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் விற்கிறார். பழைய கிரைண்டர் நின்று நின்று ஓடுகிறது. கல்லைக் கையால் தள்ளிவிட்டால்தான் மறுபடி சுற்றும்.

இத்தனை நடந்தும் மனிதர் முகத்தில் துளி வருத்தம் இல்லை.

"தோத்தா அடுத்த தடவ ரெண்டு மடங்கா கெட்டணும், மாரி. நூறு, எரநூறு, நானூறு... என்னைக்காவது செவப்பு விழுந்துதான ஆவணும்? பக்கா சிஸ்டம். எட்டு தடவையும் பச்சையே விழுந்துட்டு. இப்ப இருபத்தஞ்சாயிரத்து அறுநூறு இருந்தா போதும், அவ்வளவும் திரும்பிரும். ஒன் கம்மலக் குடு."

"திரும்பினா லாபம் எவ்வளவு?"

விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "நூறு ரூவா."

தலையில் அடித்துக்கொண்டேன். நூறு ரூபாய்! நாலு பிளேட் இட்லி கூடுதலாக விற்றால் வருகிற காசு. அதற்கு என் கிரைண்டர் போதாதென்று காதில் கிடப்பதும் வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாவுச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். மாவு வீணாகுமே என்று விட்டேன்.

மறுநாள் நல்ல மழை. பாதி இட்லியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"நாளைக்கு ரெண்டு மடங்கா மாவு ஆட்டிருவமா? இன்னைக்கு நஷ்டத்தயும் சேத்து எடுத்துரலாம்லா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு கிறுக்கா? இன்னைக்கு விக்கலன்னு நாளைக்கு சனம் ரெண்டு மடங்கா திங்குமா? நாளைக்கும் மழ பேஞ்சா அம்புட்டும் குப்பைக்குத்தான் போவும்."

"நேத்து நீங்க சொன்ன சிஸ்டமும் இதுதான? நாளைக்கும் பச்சை விழுந்தா என்ன செய்விய?"

"அது வேற. அது கணக்கு. இது வியாவாரம்," என்றார், எனக்கு விவரம் போதாது என்கிற மாதிரி.

அதற்குமேல் அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. உள்ளே கிரைண்டர் மறுபடி நின்றுபோயிருந்தது. நான் கம்மலின் திருகைக் கழற்றினேன். அதைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, அவசரமாக ஃபோனை எடுத்தார்.

இரண்டு கம்மலையும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"எங்க போற?"

"அடகுக் கடைக்கு. அங்கேருந்து நேரா கிரைண்டர் கடைக்கு. நீங்க வராண்டாம். வீட்டுல இருந்து கல்லத் தள்ளுங்க," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினேன்.