வாப்பாவின் வாட்ச்

பள்ளிவாசல் மோதினார், குளிப்பாட்டுவதற்காக உடலின் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்காகக் காத்திருந்தார். முத்துவாப்பா குவளையோடு அப்படியே நின்றுவிட்டார். தம்பி உவைஸின் மணிக்கட்டில் வாட்ச் வார் மறைத்திருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அறுபத்தாறு வயது உடம்பில் அந்த ஒரு பட்டைத் தோல் சிறுபிள்ளையின் தோலைப் போலிருந்தது.

"ஊத்துங்க காக்கா," என்றார் மோதினார்.

ஊற்றினார். காலையில்தான் உவைஸ் போன் செய்திருந்தான். ஆத்தூர் வெற்றிலை வந்திருக்கிறது, ஆளிடம் கொடுத்து அனுப்பவா என்று கேட்டான். போனை வைத்துவிட்டுப் பசியாற உட்கார்ந்தவன் இடியாப்பத் தட்டின் மேலேயே சரிந்துவிட்டான். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. முத்துவாப்பாவுக்கு இன்னும் அழுகை வரவில்லை. வெற்றிலையை அனுப்பு என்று சொன்ன தன் குரல்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

கஃபன் துணி சுற்றி முடித்ததும் தெருவுக்கு வந்தார். பந்தலில் காயல்பட்டினமே உட்கார்ந்திருந்தது. முதுகை வளைக்காமல் நாற்காலியில் அமர்ந்து, வருகிறவர்களின் சலாமுக்குப் பதில் சொன்னார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வாரிசு எழுந்து நின்று, இறந்தவரின் கடனுக்கும் குறைக்கும் கூடியிருக்கும் ஜமாஅத்திடம் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். அதைத் தானே கேட்பதாக அவர் சொல்லிவிட்டார். வாப்பாவின் ஜனாஸாவில் பெரிய சாச்சா அப்படிக் கேட்டபோது, பாக்கி என்றோ குறை என்றோ ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய முத்து வியாபாரி, ஒரு மனத்தாங்கல்கூட இல்லை. ஊரில் எந்த நிக்காஹ்வுக்குப் போனாலும் முத்துவாப்பா இதைச் சொல்லாமல் பந்தியில் உட்கார்ந்ததில்லை.

தூத்துக்குடியிலிருந்து ஜெயசிங் வந்தார். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வைத்திருப்பவர், உவைஸின் வாட்ச் சினேகிதர். பழைய கைக்கடிகாரம் என்றால் இருவரும் சோறு தண்ணீர் மறந்துவிடுவார்கள் என்று முத்துவாப்பா கேள்விப்பட்டிருந்தார். வந்தவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"அண்ணாச்சி, முந்தாநாள் கூட பேசினாரு. இப்படிப் பண்ணிட்டாரே."

"அல்லாஹ் நாடினது. உக்காருங்க."

ஜெயசிங் உட்கார்ந்தார். சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்க கோவப்படக் கூடாது. உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு உவைஸ் அண்ணாச்சி சத்தியம் வாங்கியிருந்தாரு. ஆனா இன்னைக்கு இதைக் கட்டாம வர மனசு கேக்கல."

கறுத்த முகமும் பழுப்பேறிய எண்களுமாக ஒரு வாட்ச். விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது.

"என்ன இது?"

"உங்க வாப்பா வாட்ச் அண்ணாச்சி. உவைஸ் அண்ணாச்சிகிட்ட வெல கொடுத்து எடுத்தேன். முத்து யாவாரத்துக்குக் கொழும்பு போனப்ப வாங்கினாகளாமே. கம்பெனிக்காரன் இப்ப இதே மாடலை மறுபடியும் போடுதான். நானும் ஒண்ணு வாங்கிப் பார்த்தேன். ரெண்டு நாள்ல அலுத்துப்போயி மருமவனுக்குக் கொடுத்துட்டேன். அது யாரும் கட்டாத வாட்ச், பொம்ம. இதுல ஒரு பெரிய மனுசன் வேர்வை இருக்குல்லா?"

முத்துவாப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாப்பா ஆயுசில் வாட்ச் கட்டியவரல்ல. பாங்கு சொல்ல ஐந்து வேளையும் ஆள் இருக்கும்போது இரும்பைக் கையில் கட்டிக்கொண்டு திரிவானேன் என்பார்.

"தொறந்து பாத்தியளா?" என்று கேட்டார்.

"எதுக்கு அண்ணாச்சி? தொறந்தா தண்ணி எறங்கிரும்னாரு. அதுவும் போக, காயல்ல உங்க குடும்பத்துச் சொல்லுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் வேணும்?"

முத்துவாப்பா எழுந்தார். உள்ளே போவதற்குள், அடுத்த வரிசையில் நாகர்கோவில் பர்னபாஸ் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். ஓய்வுபெற்ற காலேஜ் வாத்தியார். அவரும் உவைஸின் கூட்டாளிதான். துடைத்த கையில் அதே கறுத்த முகம், அதே பழுப்பு எண்கள்.

அவருடைய வாப்பா இரண்டு பேர் கையில் இருந்தார்.

உவைஸின் மகன் முஜாஹிதை மாடிக்குக் கூப்பிட்டார். துபாயிலிருந்து போன வாரம்தான் லீவில் வந்திருந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. கீழே அவன் உம்மா ஆயிஷாவைச் சுற்றிப் பெண்கள் ஓதும் சத்தம் படிவழியாக ஏறி வந்தது.

"அந்த வாட்ச்செல்லாம் எங்கேருந்துலே வந்துச்சு?"

"எந்த வாட்ச் பெரியவாப்பா?"

"ஜெயசிங் கையில கெடக்குறது. வாத்தியார் கையில கெடக்குறது."

முஜாஹித் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் ரெண்டு லீவுக்கு முந்தி கொண்டு வந்தேன். பழைய மாடல், புதுசா செஞ்சு விடுறாங்க. வெளிய பழசு, உள்ள மெஷின் புதுசு. நம்பர்ல அந்தப் பழுப்பைக்கூட கம்பெனிக்காரனே அடிச்சுத்தான் தாரான். கூட்டாளிமாருக்குன்னு வாப்பா சொன்னாஹ. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"அந்தத் தேய்மானம்?"

"மீன் புடிக்க லாஞ்சுல போற பயலுவ கையில கட்டிவிட்டாஹ. ஒரு வருசம். உப்புத் தண்ணி, ஐஸ், கயிறு... அப்படித்தான் வந்துச்சு."

"பெரிய மனுசன் வேர்வைன்னு சொல்றான்டா அவன்!"

"பெரியவாப்பா, சத்தம் போடாதீங்க. கீழ உம்மா இருக்காஹ."

"எத்தன கொண்டு வந்தே?"

"நாலு."

முத்துவாப்பா கட்டிலில் உட்கார்ந்தார். ஜப்பான்காரனின் வளர்ப்பு முத்து வந்த காலத்தில் வாப்பா வெள்ளைத் துணியில் இரண்டு குவியலாகப் போட்டு வைப்பார். 'இது சிப்பி தானா வச்சது. இது மனுசன் வைக்கவச்சது. பாக்க ஒண்ணுதான். பேரு வேற, பேரை மாத்திச் சொன்னா ஹராம்' என்பார். அருகில் உட்கார்ந்து இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இரண்டே பேர். ஒருவன் கீழே வெள்ளைத் துணிக்குள் கிடந்தான்.

"ஏன் இப்படிச் செஞ்சான்? அவனுக்கு என்ன கொறைச்சல்?"

"தெரியல. ஒரு தடவை சொன்னாஹ: 'புதுசு நின்னுபோவாம ஓடும், பழசுல ஆள் இருக்கான். ரெண்டும் ஒண்ணா வேணும்னு இவங்க அலையுறாங்க, நான் ஆளை மட்டும் வச்சுக் கொடுக்கேன்.' சிரிச்சுக்கிட்டே சொன்னாஹ. நான் வெளையாட்டுன்னு நெனச்சேன்." முஜாஹித் மூக்கை உறிஞ்சினான். "அடக்கம் முடியட்டும். நானே அவங்களைத் தனியாப் பார்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துருதேன். வெளிய தெரிய வேண்டாம். நம்ம பேரு..."

"பேரைத்தானலே வித்திருக்கான்."

முஜாஹித் போய் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அடக்கம் பண்ணின பொறவு பொருத்தம் கேட்டு என்ன பிரயோசனம்? இந்தச் சொமையோட குழிக்குள்ள போவச் சொல்றியா எந்தம்பியை?"

தெருவில் கலிமா சத்தம் எழுந்தது. உடலை எடுத்துப்போகச் சந்தூக் வந்துவிட்டது.

பள்ளிவாசல் முற்றம் நிறைந்திருந்தது. ஜெயசிங்கும் பர்னபாஸும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் சுவரோரம் நின்றார்கள். இமாம் சைகை காட்டினார். முத்துவாப்பா மைக் முன்னால் வந்தார்.

"எந்தம்பி உவைஸ் யாருக்காவது எதுவும் கொடுக்க வேண்டியது இருந்தா என்ட்ட வாங்க. மவன் முஜாஹித்ட்ட வாங்க. யாரு மனசயாவது நோவிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கிடுங்க."

வழக்கமான முணுமுணுப்பு எழுந்தது. இமாம் தொழுகையைத் தொடங்கத் திரும்பினார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் முத்துவாப்பா.

இமாம் மறுபடி அவர் பக்கம் திரும்பினார்.

"எங்க வாப்பா ஆயுசுல வாட்ச் கட்டினது கெடயாது."

சபை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பாவம், தம்பி போன அதிர்ச்சி என்று யாரோ பின்னால் மெல்லச் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். யாருக்குப் புரிய வேண்டுமோ அவர்களுக்குப் புரிந்திருக்கும், ஊருக்கு அவர் நிலைதடுமாறிய கிழவராகத் தெரிந்திருப்பார், குடும்பப் பேர் பிழைத்திருக்கும். சந்தூக்கை மூடியிருந்த பச்சைத் துணி காற்றில் அசைந்தது. அவர் மைக்கின் கம்பியை இறுகப் பிடித்தார்.

"அவங்க கட்டினதுன்னு சொல்லி எந்தம்பி சில பேருக்கு வாட்ச் கொடுத்திருக்கான். அது பொய். புது வாட்ச் அது. எங்க குடும்பத்துச் சொல்லை நம்பித்தான் அவங்க வாங்கினாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்குப் பொறவும் மனசு வந்தா, எந்தம்பியைப் பொருந்திக்கிடுங்க."

வாசல் பக்கம் அவர் கண் தானாகப் போயிற்று. ஜெயசிங் தன் கையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பர்னபாஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்னபாஸ் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டார். பிறகு ஒரு தலைப்பாகை அவர்களை மறைத்தது. இமாம் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கினார்.

தொழுகை முடிந்து சந்தூக்கைத் தூக்கியபோது வாசலில் இரண்டு பேரும் இல்லை. தெருமுனையில் ஒரு கார் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. தோள் கொடுத்து நடந்தவர்களில் சிலர் முத்துவாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். அவர் எப்போதும் போல நிமிர்ந்தே நடந்தார். ஆனால் வழியில் ஒருவருக்கும் சலாம் சொல்லவில்லை. யார் பதில் சொல்வார்கள், யார் சொல்லமாட்டார்கள் என்று இனி அவருக்குத் தெரியாது.

குழிக்குள் முஜாஹித் இறங்கி வாப்பாவை வாங்கினான். பலகைகள் அடுக்கினார்கள். முத்துவாப்பா தலைமாட்டில் முழங்காலிட்டு முதல் பிடி மண்ணைப் போட்டார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் கைகள் குனிந்து மண் அள்ளின. வயதான கைகள், சின்னக் கைகள், மோதிரம் போட்ட கைகள். மண் விழும் சத்தம் பலகையில் கேட்டுப் பிறகு மண்ணின் மேலேயே கேட்கத் தொடங்கியது.

கூட்டம் குறைந்தபோது இன்னொரு கை வந்தது. கறுத்த முகம், பழுப்பு எண்கள். சட்டைக் கை முழங்கைவரை மடித்துவிடப்பட்டிருந்தது. அள்ளிய ஈரமணல் விரலிடுக்கில் ஒழுகி, வாட்சின் கண்ணாடிமேல் படிந்தது. அந்தக் கை அதைத் தட்டிவிடவில்லை. மண்ணைப் போட்டுவிட்டு ஒரு கணம் குழியின் மேல் விரிந்தபடியே நின்றது.

யாருடையது என்று முத்துவாப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று பிடி போடுவதுதான் வழக்கம். மூன்றும் விழுந்தால் அந்தக் கை தம்பியைப் பொருந்திக்கொண்டதாக அவர் எடுத்துக்கொள்வார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழியையே பார்த்திருந்தார்.

அந்தக் கை இரண்டாவது பிடிக்கு மறுபடியும் குனிந்தது.