சார்ஜ் கொட்டகையில் ஊதுபத்தி

“சாமிப் பெட்டியை வெளியே எடுத்து வைங்க, மாமா.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா போனில் என்னிடம் கெஞ்சியிருந்தாள். எஞ்சினை மாற்றச் சொல், கூரைத் தகரத்தை மாற்றச் சொல், என்ன வேண்டுமானாலும் கேள், சாமியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்றாள். தலைநகர் புனோம் பென்னிலிருந்து கிளம்பி, பத்தம்பாங்கில் பேருந்தைவிட்டு இறங்கி ஊர் வந்து சேர்ந்தவள், கொட்டகையில் பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.

மாமா கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“யான், உன் பொண்ணு வந்துட்டா. பசி போல, என்னமோ உளறுறா. சோத்தைப் போடு.”

எங்கள் ஊருக்கு இன்னும் மின்கம்பி வரவில்லை. வீட்டுக்கு வீடு விளக்கும் டிவியும் கார் பேட்டரியில்தான் ஓடுகின்றன. தீர்ந்துபோனால் சரூன் மாமாவின் தகரக் கொட்டகைக்குத்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டும். வெளியே டீசல் எஞ்சின், உள்ளே சார்ஜர், தரையில் ஒன்றோடொன்று கம்பியால் கோத்த பேட்டரிகள். ஒவ்வொன்றிலும் மூடிகள் திறந்து, உள்ளே ஆசிட் குமிழிட்டுக்கொண்டிருக்கும். இருந்த ஒரே சன்னலையும் திருடனுக்குப் பயந்து தகரம் வைத்து அடித்துவிட்டார். பேட்டரி வரிசைக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், நிலத்தைக் காக்கும் சாமியின் சிவப்புப் பெட்டி. ஐந்து டீக் கோப்பை, இரண்டு ஆரஞ்சு, காலையும் மாலையும் மூன்று ஊதுபத்தி.

அப்பா போன பிறகு இந்தக் கொட்டகையில் கிளிப் மாட்டுவதும் கழற்றுவதும் அம்மாவின் வேலை. கண்ணாடி கிடையாது, கையுறை கிடையாது. நான் பள்ளியில் படித்தபோது ஒருநாள் ஆசிட் தெறித்தது. கண்ணைத் திறந்துபிடித்துத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. சுற்றிப் பற்பசையைத் தடவி உட்கார வைத்தார்கள். வலக்கண் வெளுத்துவிட்டது. மீதி இருப்பது ஒரு கண்.

“நான் உளறல, மாமா. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலேர்ந்து வாயு வருது. ஒரு பொறி பட்டா வெடிக்கும். நீங்க சன்னலையும் அடைச்சுட்டு, பக்கத்துலயே நெருப்பையும் வச்சிருக்கீங்க.”

“நீ பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து பத்தி கொளுத்துறேன். வெடிச்சுதா?”

“அம்மா கண்ணு போச்சே.”

“அது ஆசிட். அதுக்கும் சாமிக்கும் என்னடி சம்பந்தம்?” கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். “புனோம் பென்ல நாலு வருசம் படிச்சு இதைத்தான் கத்துக்கிட்டியா, சாமியைத் தெருவுல நிறுத்த? அந்தப் படிப்புக்கு அரிசி போட்டது இந்தக் கொட்டகை. கொட்டகையைக் காக்கிறது அவரு.” கரண்டியால் சிவப்புப் பெட்டியைக் காட்டினார்.

“அரிசி போட்டது எங்கம்மா. அவங்க கையும் கண்ணும்.”

“மாலிஸ், சும்மா இரு” என்றாள் அம்மா. “அண்ணன் கூரைக்குக் கீழ இருக்கோம்.”

அப்போது ஹேங் வந்தார். பக்கத்து வாய்க்கால் கரையில் வீடு. மோட்டார் சைக்கிளை அணைக்காமலே கத்தினார்.

“அண்ணே, என் பேட்டரி ஆச்சா? பையனுக்குச் சம்பந்தம் பேச வர்றாங்க. டிவி ஓடலைன்னா என்ன நெனைப்பாங்க?”

“யான், கழட்டிக் குடு” என்றார் மாமா.

அம்மா குனிந்தாள். நான் அவள் தோளைப் பிடித்தேன்.

“முதல்ல சார்ஜரை அணைங்க. அப்புறம் கிளிப்பைத் தொடுங்க.”

“அணைச்சா மத்த பேட்டரியெல்லாம் நின்னுபோகும். ஊர்ல பாதிப் பேரு என்னைத் திட்டுவான். தள்ளு!”

“அணைக்காம கழட்டினா பொறி வரும், மாமா.”

“வரட்டும். தினம் வருது. பாருடி, படிச்சவளே.”

அவரே குனிந்து சிவப்புக் கிளிப்பை வெடுக்கென்று இழுத்தார். நான் அம்மாவைப் பின்னால் இழுத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை, டயர் வெடித்த மாதிரிதான். ஹேங்கின் பேட்டரி மேல்மூடி பிளந்து கூரையில் மோதியது. மாமாவின் முழங்கையிலும் சட்டையிலும் ஆசிட். அம்மா நின்ற இடத்தில், அவள் முகம் இருந்திருக்கும் உயரத்தில், சுவரில் ஈரம் வழிந்தது.

சார்ஜரை அணைத்தேன். எரிந்துகொண்டிருந்த பத்திகளைப் பிடுங்கிச் சாமியின் டீயிலேயே முக்கினேன். வாசல் ஜாடியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு மாமாவின் கையில் ஊற்றினேன். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். விடவில்லை. தோல் சிவந்ததோடு நின்றது.

மூச்சு வந்ததும் அவர் முதலில் சொன்னது இது:

“பார்த்தியா? சாமிக்குக் கோவம். இவ பேசின பேச்சு.”

ஹேங் தலையை ஆட்டினார். “ஆமா பாப்பா, நீ அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இப்ப என் பேட்டரிக்கு யாரு பதில் சொல்றது, நீயா, சாமியா?”

“கிளிப்பை இழுத்தவர்கிட்ட கேளுங்க.”

“யான்!” மாமா கத்தினார். “மன்னிப்பு கேளு. பத்தியைக் கொளுத்து. மூணு இல்ல, ஒரு கட்டு.”

அம்மா லைட்டரை எடுத்தாள். கொட்டகைக்குள் வாயு அப்படியேதான் நின்றது. மூக்கில் எரிச்சல் குறையவில்லை. அவள் கட்டைவிரல் சக்கரத்தின்மேல் போனது.

“அம்மா. கொளுத்தாத.”

நான் அவளைத் தாண்டிப் போய்ச் சிவப்புப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். கோப்பைகள் கவிழ்ந்து டீ என் சட்டையில் கொட்டியது. ஓர் ஆரஞ்சு உருண்டு பேட்டரிக்கு அடியில் போனது.

“ஏய்! பூசை பண்ற ஆச்சாரைக் கூப்பிட்டு நாள் பார்க்காம அதை அசைக்கக் கூடாதுடி! சாபம் விழும்!”

“என் தலையில விழட்டும். அம்மா கண்ணுல எதுவும் விழ வேணாம்.”

“அதைத் தூக்கிட்டு வெளிய போனா இந்த வாசல்ல மறுபடி கால் வைக்காத. உனக்கு இங்க சோறு இல்ல, சொந்தம் இல்ல!”

பெட்டியை வெளியே எடுத்துவிடுவது என்று பேருந்திலேயே முடிவு செய்திருந்தேன். முதலில் கேட்டது, அவருக்குச் சரி என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான்.

வாசலில் அம்மா குறுக்கே நின்றாள். லைட்டர் இன்னும் கையில் இருந்தது. பார்வை இருக்கும் கண்ணால் என்னைப் பார்த்தாள், பிறகு சுவரில் வழிந்த ஈரத்தைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

ஹேங் கைகூப்பிப் பெட்டியைக் கும்பிட்டார், என்னைத் திட்டிக்கொண்டே. மாமா கத்தியது சாலைவரை கேட்டது. பெட்டி நினைத்ததைவிடக் கனம். சாலைக்கு எதிர்ப்புறப் புளியமரத்தைப் பார்த்து நடந்தேன். அதன் அடியில் சாமியை வைத்துவிட்டால், ஒரு கட்டுப் பத்திகூடக் கொளுத்தலாம்.