உயிருடன் என்ற கட்டம்

என் கணவர் ஓரினுக்குச் செத்தவர்கள் என்றால் உயிர். கேலிக்காகச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊரில் மற்ற ஆண்கள் மீன் பிடிக்கப் போனார்கள், வாத்து சுடப் போனார்கள். இவர் வீட்டின் நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, கணினியில் குடும்ப மரம் வளர்க்க உட்கார்ந்துவிட்டார். நார்வேயிலிருந்து கப்பலேறி அமெரிக்காவில் மினசோட்டாவுக்கு வந்த ஹோவ்லாண்ட் குடும்பத்து முதல் ஆளில் தொடங்கி, யார் எந்த வீட்டில், என்ன வயதில், என்ன வேலையில் இருந்தார்கள் என்று பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களையெல்லாம் தேடி இறக்கி, ஒவ்வொரு தாளையும் அந்தந்த ஆளின் கட்டத்தோடு இணைத்து வைப்பார். கோப்பின் பெயரில் ஆண்டு, மாவட்டம், குடும்பப் பெயர் என்ற வரிசை மாறினால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு.

நான் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கத்திப் பேசித்தான் பழக்கம். அவர் கீழேயிருந்து கத்துவார், நான் சமையலறையிலிருந்து பதில் கத்துவேன்.

"ஆர்லிஸ்! இந்தக் கணக்கெடுக்க வந்தவனப் பாரு! நாப்பத்திரண்டு வயசுப் பொம்பளைய முப்பத்தஞ்சுன்னு எழுதி வெச்சிருக்கான், முட்டாப்பய!"

"அவ சொன்னதத்தான் எழுதியிருப்பான். பொம்பளைகிட்டப் போய் வயசக் கேட்டா வேற என்ன கெடைக்கும்?"

"சென்சஸ்ல பொய் சொல்லலாமா? நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் உக்காந்து தலைய பிச்சுக்கறான் பாரு!"

"நீயே போயி பிச்சுக்கற. அவ உன்னக் கூப்பிட்டாளா?"

இப்படித்தான் எங்கள் காலை நேரம் போகும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1900-லும் 1910-லும் வந்த கணக்கெடுப்பில் தாய்மார்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: பெற்றது எத்தனை, இப்போது உயிரோடு இருப்பது எத்தனை. ஓரினின் கொள்ளுப்பாட்டி ஒன்பது, ஆறு என்று பதில் சொல்லியிருக்கிறாள். அந்த மூன்று பேரைத் தேடி அந்த மனிதர் ஒரு குளிர்காலம் முழுக்க அலைந்தார். தேவாலயப் பதிவேடுகளில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். கடைசிக் குழந்தை கிடைத்த அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வந்தவருக்குக் கண் சிவந்திருந்தது.

"குன்ஹில்ட். நாலு மாசம். கக்குவான் இருமல். யாருக்குமே அவ பேரு தெரியாம இருந்துச்சு, ஆர்லிஸ். இப்ப ஒரு கட்டம் போட்டுட்டேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் செத்த நாலு மாதக் குழந்தைக்குப் பேரோடு கட்டம். எங்கள் மகனின் கட்டத்தில் பேரே இல்லை.

இதைப் புரியவைக்க அந்த மென்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு இறந்த விவரம் எதுவும் கொடுக்காவிட்டால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அதுவாகவே வைத்துக்கொள்ளும். மரத்தை அச்சடிக்கும்போது உயிரோடு இருப்பவர்களின் பேரைக் காட்டாது. வெளியாட்கள் கண்ணில் படக் கூடாதாம். வெறுமனே 'உயிருடன்' என்று போட்டு, கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹோவ்லாண்ட் குடும்பம் தேவாலயத்தின் கீழ்க் கூடத்தில் கூடும்போது, ஓரின் அந்த மரத்தை நீளமான தாளில் அச்சடித்துச் சுவர் முழுக்க ஒட்டுவார். வருகிறவர்கள் அவரவர் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மேசையிலிருக்கும் பேனாவால் தங்கள் பேரைத் தாங்களே எழுதுவார்கள். அதுதான் எங்கள் வழக்கம். எழுதத் தெரியாத வாண்டுகளைத் தூக்கிப் பிடித்து, கை பிடித்து எழுத வைப்பார்கள். வராதவர்களுக்கு யாராவது எழுதிவிடுவார்கள்.

போன தடவை எல்லாரும் சாப்பிட்டு, காப்பி குடித்து, மிச்சமிருந்த கேக் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டே சுவரைப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் பேர் இருந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்குக் கீழே இருந்த கட்டம். பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். உயிரோடு இருப்பவர்களுக்காக எழுதுகிற இடம் அது. என் கை எழுதவில்லை.

எங்கள் மகன் ஆண்டர்ஸ் 2009 நவம்பர் மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் வீட்டைவிட்டுப் போனான். இருபத்தேழு வயது, எங்களோடுதான் இருந்தான். அவனுடைய வண்டி ஏரிக்கரையில் படகு இறக்கும் இடத்தில் நின்றது, சாவி வண்டியிலேயே இருந்தது. ஏரி அப்போதுதான் உறைந்திருந்தது. தேடியவர்களுக்குப் பனியில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. அந்த வருடம் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வடக்கு டகோட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவனும் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். எவனோடோ தொற்றிக்கொண்டு போயிருப்பான், ஏதோ கோபத்தில் சொல்லாமல் போயிருப்பான், பனி உருகினால் திரும்பி வருவான் என்று நான் நம்பினேன். நம்பினேன் என்றால், தினமும் மேசையில் அவனுக்கும் தட்டு வைத்தேன்.

ஜனவரியில் ஒருநாள் ஓரின் அந்தத் தட்டைப் பார்த்துச் சொன்னார். "எடுத்து வை, ஆர்லிஸ். அவன் வரமாட்டான்."

அவ்வளவுதான் சொன்னார். அதை நான் மன்னிக்கவே இல்லை. கல் மனசுக்காரன், பெற்ற பிள்ளையை இரண்டே மாதத்தில் கை கழுவிவிட்டான் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். ஏப்ரலில் பனி உருகியது. ஒன்பதாம் தேதி கரையோரத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். ஓரின் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்பதற்காகவும் அவர்மேல் கோபப்பட்டேன். அந்த வயிற்றெரிச்சலுக்கு நியாயம் கிடையாது, எனக்குத் தெரியும்.

இறப்புச் சான்றிதழில் கண்டெடுத்த தேதிதான் இருக்கிறது. கல்லறைக் கல்லில் தேதியே இல்லை, பேர் மட்டும்தான். மென்பொருளில் அவன் கட்டத்தை நிரப்பச் சொல்லி நான் கேட்கும்போதெல்லாம் ஓரின் அதே பாட்டைப் பாடுவார்.

"ஏப்ரல்னு போட்டா அது தப்பான தேதி. நவம்பர்னு போட ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லாம நான் எதையும் போடமாட்டேன்."

அந்த மனிதரின் சுபாவம் தெரிந்ததால் நானும் விட்டுவிட்டேன். இந்த வருடம் கூடுகை நடக்க இருந்த சனிக்கிழமைக்கு நாலைந்து நாள் முன்பு, என் நாத்தனார் லவான் வீட்டில் லெஃப்ஸே என்ற நார்வே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். அவளும் அதே மென்பொருளில் தன் புகுந்த வீட்டு மரத்தை வைத்திருப்பவள்.

"தேதி எதுக்கு?" என்றாள் லவான், ரொட்டியைத் திருப்பிக்கொண்டே. "'இறந்தவர்'னு ஒரு சின்னச் சதுரம் இருக்கு. அதுல டிக் போட்டா போதும். தேதிய காலியா விடலாம். பேரு வந்துடும்."

"ஓரினுக்குத் தெரியாதோ?"

"அவனுக்கா? எனக்கு அதச் சொல்லிக் குடுத்ததே அவன்தான்!"

நான் மாவுக் கையோடு வீட்டுக்கு வந்தேன். நிலவறைப் படியில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"தேதியாம், ஆதாரமாம்! ஒரு டிக் போட்டா போதுமாமே? இத்தன வருஷம் என்ன முட்டாளாக்கியிருக்க. எந்தக் காலத்துலயோ செத்த கொழந்தைக்கெல்லாம் பேரு வைக்கற, உன் புள்ளைக்குன்னா மட்டும் கை வரலையா? சுவத்துல அவன் எடம் காலியா கெடக்கறத எல்லாரும் பாத்துட்டு, பாக்காத மாதிரி கேக் தின்னுட்டுப் போறாங்க!"

ஓரின் திரும்பவில்லை. திரையில் ஏதோ ஒரு பழைய கணக்கெடுப்புத் தாள் திறந்திருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்த வருஷம் சென்சஸ் வருஷம், ஆர்லிஸ்."

"எந்த வருஷம்?"

"2010. மார்ச்ல படிவம் வந்துச்சு. ஏப்ரல் ஒண்ணாம் தேதி இந்த வீட்ல எத்தன பேருன்னு கேட்டிருந்தாங்க."

எனக்கு அந்தப் படிவமே ஞாபகமில்லை. எங்கள் வீட்டில் தாள் சமாச்சாரமெல்லாம் அவர் பார்ப்பது.

"மூணு பேருன்னு எழுதினேன்" என்றார். "நீ, நான், அவன். பேரு, பொறந்த தேதி, எல்லாம் எழுதி அனுப்பிட்டேன்."

நான் படியிலேயே உட்கார்ந்தேன். கணக்கெடுப்பில் பொய் சொன்னவர்களைப் பதினைந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிற மனிதர்.

"தெரிஞ்சு எழுதினியா?"

"தெரிஞ்சு இல்ல. வந்துடுவான்னு எழுதினேன். ஒண்ணாம் தேதிக்குள்ள வந்துட்டா, அவன விட்டுட்டு எழுதினது தப்பாயிடுமேன்னு." திரையிலிருந்த பழைய தாளைக் காட்டினார். "நாம எழுதிக் குடுத்தத எழுபத்திரண்டு வருஷம் கழிச்சுத்தான் இப்படி எல்லாருக்கும் தெறந்து காட்டுவாங்க. அதுல அவன் உயிரோட இருப்பான். நான் இங்க டிக் போட்டா, அது பொய்யாயிடும்."

"நீதான தட்ட எடுத்து வைக்கச் சொன்ன!"

"ஆமா. அதப் பாத்துட்டு என்னால சாப்பிட முடியல."

"அப்ப இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"வரமாட்டான்னு உங்கிட்ட சொல்லிட்டேனே. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு, நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்னு சொல்றது?"

  துவைக்கும் இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. அவருடைய பின்கழுத்தைப் பார்த்தேன். எழுபத்தாறு வயதுக் கழுத்து, முடிவெட்டாமல், சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய எழுந்து போனேன்.

"எனக்கு அவன் பேரு சுவத்துல வேணும், ஓரின்" என்றேன். "சனிக்கிழமைக்குள்ள வேணும். உன்னால முடியலன்னா சொல்லு, நான் போடறேன். எங்க அமுக்கணும்னு மட்டும் காட்டு."

"வேணாம்" என்றார். "சென்சஸ்ல அவன எழுதினவன் நான். நானே பண்றேன்."

எங்கள் இருவருக்கும் கீழே இருந்த அந்தக் கட்டத்தைத் திறந்தார். லவான் சொன்ன சின்னச் சதுரம் வந்தது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்படியே இருந்தார்.  நான் அவர் கைமேல் என் கையை வைத்தேன். என் விரல்களில் மாவு காய்ந்திருந்தது. அவர் அமுக்கினார்.

அச்சாகப் போகிற மரத்தைத் திரையில் திறந்து காட்டினார். 'உயிருடன்' போய்விட்டது. ஆண்டர்ஸ் ஓரின் ஹோவ்லாண்ட் என்று வந்தது. பிறந்த தேதிக்குப் பக்கத்தில் இறந்த தேதிக்கான இடம் காலியாக இருந்தது. அதைக் காலியாகவே விடச் சொன்னேன்.

சனிக்கிழமை மரம் சுவரில் ஏறியது. லவான் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். நல்லதாயிற்று என்றார்கள் இரண்டு மூன்று பேர். நானும் தலையாட்டினேன். ஓரின் காப்பிக் கோப்பையோடு சுவரோரமாக நின்று, பிள்ளைகள் பேர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் அவனுக்காகத் தனித்தனியாகக் காத்திருந்திருக்கிறோம். சேர்ந்து காத்திருந்தால் மட்டும் அவன் வந்திருக்கப் போவதில்லை. ஆனாலும் சேர்ந்து காத்திருந்திருக்கலாம்.