ஏலக்காரரின் முடிவு ஜெபம்

என் வீட்டுக்காரர் ஜெபம் பண்ண எழுந்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். தொழில் அப்படி. காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். விடிகிற நேரத்தில் லாரிகள் வந்து நிற்கும். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டிமேல் ஏறி, அத்தனை இரைச்சலையும் தாண்டி விலை கூவுவார். கூவிக் கூவியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. சபையிலும் அவருக்கு ஏலக்காரர் என்றுதான் பேர். மைக்கை நீட்டினால் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்.

ஜெபத்தையும் ஏலம் மாதிரிதான் நடத்துவார். முதலில் ஒரு காய்ச்சல்காரருக்குச் சுகம் கேட்பார். அது கிடைத்துவிட்ட தைரியத்தில் வேலை போனவருக்கு வேலை, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி, பிறகு நாடு, பிறகு உலகம் என்று ஏற்றிக்கொண்டே போவார். ஆண்டவரை மூச்சுவிட விடமாட்டார். வாராவாரம் ஒவ்வொரு வீட்டில் நடக்கிற கூட்டத்தில் முடிவு ஜெபம் அவருடையதுதான். எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் அத்தையான ஒருவர் உண்டு. சதா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதால் கடிகார அத்தை என்போம். இவர் எழுந்தாலே அத்தை ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறேன். நாலு பேர் முன்னால் வாய்திறந்து ஜெபித்ததே இல்லை. விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டே, 'இடுப்பு விட்டுப்போகுது ஆண்டவரே, கொஞ்சம் பாத்துக்கோங்க' என்று முணுமுணுப்பேன். என் பக்தி அவ்வளவுதான். கூட வேலை செய்கிறவள், நான் துணியோடு பேசுகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார் டாக்டர். எடுத்தார்கள், பிழைத்தார். கழுத்தின் அடியில் ஒரு துளை. இப்போது மூச்சு அந்த வழியாகத்தான். வாய் அசையும், நாக்கு புரளும், சத்தம் மட்டும் வராது. துளையை மறைக்கிற சின்னத் துணிகளை நானே தைத்து, துவைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறேன். வேறு என்ன செய்துவிட முடியும் என்னால்?

சந்தையில் அவரைக் கைவிடவில்லை. எடை போடுகிற இடத்தில் உட்காரச் சொன்னார்கள். முகம் சுளிக்காமல் போய் உட்கார்ந்தார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மாலை ஜெபத்துக்கு மட்டும் உட்காரவில்லை. நான் வேதப்புத்தகத்தை எடுத்தால் போதும், அவருக்குக் குளியலறையில் அவசர வேலை வந்துவிடும். கழுவிய வாளியையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பார். ஒருநாள் வாசலை மறித்து நின்று என்னதான் விஷயம் என்று கேட்டேன். அவர் வாயசைவைப் படிக்க அதற்குள் நான் பழகியிருந்தேன்.

"அவர் போயிட்டாரு," என்றார்.

யார் என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஜெபிக்க வாயைத் திறந்து, தன் குரல் தன் காதில் விழுந்ததுமே பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பது தெரியுமாம். திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லையாம். இப்போது வாயை அசைத்தால், எல்லாரும் போனபிறகு சந்தையில் தனியாக நிற்பது போலிருக்கிறதாம்.

"நான் எப்பவும் சத்தமில்லாமதாங்க பேசுறேன். எனக்குக் காது குடுக்கிறவரு உங்களுக்குக் குடுக்கமாட்டாரா?"

"உனக்கு அது பழக்கம். எனக்கு வேற வழி தெரியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர்மேல் கொஞ்சம், ஆண்டவர்மேல்தான் அதிகம். மறுநாள் இஸ்திரி மேஜையில் நேரடியாகவே கேட்டுவிட்டேன்: குரலை எடுத்துக்கிட்டீங்க, சரி, நீங்களாவது கூட இருந்திருக்கக் கூடாதா? அந்த வழக்கில் ஒரு தலையணை உறை கருகிப்போய், மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காகக் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அதுவும் நிற்கப்போகிறது என்று தெரிந்தது. வீட்டுக் கூட்டத்துக்கு எங்கள் முறை வந்தபோது, வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் ஒத்துக்கொண்டார். "இது முடியட்டும். அதுக்கப்புறம் என்னை எதுக்கும் கூப்பிடாத," என்றார். சொன்னால் சொன்னதுதான் அவர். நாற்பது வயதில் விட்ட சிகரெட்டை அதற்குப் பிறகு தொடாதவர். அன்று கட்டிலை ஓரமாகத் தள்ளி, மேல்வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போடும்போது, ஒரு மனுஷனை வழியனுப்பப் பந்தல் போடுகிற மாதிரி இருந்தது எனக்கு. அழுகையை அடக்கிக்கொண்டுதான் காப்பிக்குப் பால் வைத்தேன்.

எல்லாரும் வந்தார்கள். அவர் கதவோரம், நினைத்தால் நழுவிவிடத் தோதான நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் போதகர் தங்கமான மனிதர், மறதிதான் ஜாஸ்தி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற ரகம். பாட்டு முடிந்தது, வசனம் வாசித்தார், நாலு வார்த்தை பேசினார். பிறகு புத்தகத்தை மூடி, கண்ணையும் மூடி, எத்தனையோ வருடப் பழக்கத்தில் சொன்னார்:

"முடிவு ஜெபம், நம்ம ஏலக்காரண்ணன்."

எல்லாருக்கும் அதே பழக்கம்தானே. தலைகள் குனிந்தன, கண்கள் மூடின. கடிகார அத்தை பெருமூச்சுகூட விட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் ஒவ்வொருவருக்காக உறைத்தது. ஆனால் யாரும் கண் திறக்கவில்லை. திறந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு யாருக்குத் தைரியம்?

நான் திறந்தேன். போதகரும் திறந்திருந்தார். ரத்தம் சுண்டிப்போன முகத்தோடு என்னைப் பார்த்தார். தானே ஜெபித்துவிடலாம் என்று வாயெடுத்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். போதகரைப் பார்த்து, பொறுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினார். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உதடுகள் அசையத் தொடங்கின.

அறையில் கழுத்துத் துணிக்குள்ளிருந்து வரும் மூச்சு மட்டும்தான் கேட்டது. என்ன சொல்கிறார் என்று படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திக்குத்தான். முன்பெல்லாம் கண்ணை இறுக மூடி ஜெபிப்பார். அன்று திறந்துவைத்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அத்தையின் முழங்கால் வலிக்காகக் கேட்டார். போதகரைப் பார்த்து, 'இவர் வெட்கப்படாதபடி பாத்துக்கோங்க' என்றார். வெளியூரில் மகள் இருக்கிற தம்பதிக்காக, வீடு தேடிக்கொண்டிருக்கிறவருக்காக, எல்லாருக்காகவும் கேட்டார். என்னிடம் வந்ததும் உதடு நடுங்கியது. 'இவ இடுப்பு,' என்றார். அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

அப்படியே நின்றார். ஏலத்தில் கடைசி விலையைச் சொன்னதும், கூட்டத்தில் இன்னும் யாராவது கேட்கிறார்களா என்று ஒரு கணம் காது கொடுத்து நிற்பார், பார்த்திருக்கிறேன். ஜெபத்தில் அப்படி நின்றதே கிடையாது. அன்று தலையைக் கொஞ்சம் சாய்த்து, அப்படி நின்றார். மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. நெற்றிச் சுருக்கம் விட்டுப்போனது. கண்ணீர் வழிய வழிய, துடைக்காமல் நின்றார்.

ஜெபம் முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ ஆமென் சொல்லு," என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பலர் முன்னால் வாய்திறந்தேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது. ஆனால் எல்லாரும் பின்னால் ஆமென் சொன்னார்கள்.

போதகர் ஓடிவந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இவர் அவரைத் தட்டிக்கொடுத்து உட்காரவைத்தார். போகும்போது கடிகார அத்தை வாசலில் என்னை நிறுத்தி, தன் முழங்காலுக்காகக் கேட்டாரா என்று ரகசியமாக விசாரித்தார். முதலில் அதற்காகத்தான் கேட்டார் என்றேன். அத்தை படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் டம்ளர்களைக் கழுவ, அவர் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நடுவுல ஏங்க அப்படி நின்னுட்டீங்க?"

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு சொல்லும் எனக்குத் தவறக் கூடாது என்று மெதுவாக வாயசைத்தார்.

"போகவே இல்லையாம்."

கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அவர் எட்டிக் குழாயை மூடினார். நான் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் காத்திருந்து, அடுத்த வாரம் கூட்டம் யார் வீட்டில் என்று கேட்டார்.