பக்கம் திருப்பாமலே

...மூன்று, மூன்றேதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அடுத்தது ஒன்று, வட்டத்தைக் கருப்பாக்கு, பென்சில் முனை மழுங்கிவிட்டது, பரவாயில்லை, இரண்டு மணி நேரத் தாளில் அரை மணிக்குள் இருபது கேள்வி முடிந்துவிட்டது, இப்படியே போனால் நிறைய நேரம் மிச்சமாகும், மிச்சத்தில் திரும்பிச் சரிபார்க்கலாம், சரிபார்க்க என்ன இருக்கிறது, போன வாரம் ஐம்பதுக்கு நாற்பத்தேழு, அதற்கு முந்தின வாரம் நாற்பத்தாறு... சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் என் கணவர் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பேருந்து ஓட்டுகிறவருக்கு வாரத்துக்கு ஆறு சீருடைச் சட்டை, ஞாயிறு காலையில் ஆறையும் மடித்து அடுக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கைப்பேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து எனக்கு நேரம் பார்ப்பதும் அவர்தான், தேர்வு அதிகாரி என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்டு, நான் எழுந்து போவதானாலும் கையைத் தூக்கி அனுமதி கேட்கச் சொல்கிறார். இன்னும் ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் நிஜத் தேர்வு, ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிப்பதற்கான நுழைவுத் தேர்வு, முப்பத்துமூன்று வயதில். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பன்னிரண்டு வருடமாக நான் ஒரு பயிற்சி மையத்தில் டைப்பிஸ்ட். இதே நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற மையம். அதை நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நேரம் சார், எதைச் சொன்னாலும் கடைசியில் "நேரம், நேரம்" என்று முடிப்பார், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம், அவர் முகத்துக்கு நேரே தவிர. மாதிரித் தாள் எல்லாம் அவர் கையால் எழுதித் தருவார், நான் அடிப்பேன். யாரோ கடலுக்குப் போனார்கள், யாரோ செத்தார்கள், யாரோ யாரையோ மன்னித்தார்கள், அத்தனை இங்கிலீஷும் என் விரல் வழியாகத்தான் போயிற்று, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை, இறங்கவும் கூடாது, படித்துக்கொண்டே அடித்தால் வேகம் போய்விடும். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் வகுப்பு நடக்கும். நான் அடித்த அதே வரியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் சண்டை போடுவார்கள், அவள் ஏன் அழுதாள், அவன் ஏன் பொய் சொன்னான் என்று தொண்டை வற்றக் கத்துவார்கள். எனக்கு வயிறு எரியும். என் கை பட்ட வரி, எனக்கு மட்டும் என்னவென்று தெரியாது. அந்த எரிச்சலில்தான் தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கினேன், அந்த எரிச்சலில்தான் இதுவும். சார் நல்ல மனுஷர், பழைய தாள்களை அலமாரியோடு திறந்துவிட்டார். "நீ அடிச்சதுதானேம்மா, ஆனா அடிக்கிறவங்க எங்க படிக்கிறாங்க, உனக்கு எல்லாம் புதுசாத்தான் இருக்கும், எடுத்துட்டுப் போ, நேரம், நேரம்" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று வந்ததும் தலைகால் புரியவில்லை, சேரப்போவது உறுதி என்று வேலையை விடுவதாக எழுதியும் கொடுத்துவிட்டேன். முதல் தேதியிலிருந்து என் நாற்காலிக்கு வேறொரு பெண் வருகிறாள்.

இருபத்தொன்று, நான்கு. இருபத்திரண்டு, இரண்டு. இருபத்துமூன்று, அதுவும் இரண்டு. பின்னே ஒன்று, மூன்று. ஒரே மூச்சில் ஐந்து வட்டம். நிமிர்ந்தால் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி என் தாளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "ஏம்மா, அந்தக் கேள்விக்கெல்லாம் கதை பின்பக்கத்துல இல்ல இருக்கு? நீ இன்னும் பக்கத்தத் திருப்பவே இல்லையே?" நான் பார்த்தேன். கேள்விகளுக்கு மேலே, பின்பக்கத்தில் உள்ள கதையைப் படித்துப் பதில் சொல்லவும் என்று போட்டிருக்கிறது. நான் திருப்பவில்லை. "படிக்காமலே போடுறியே, என் பொண்டாட்டி கெட்டிக்காரிதான்" என்று அவர் அடுத்த சட்டைக்குப் போய்விட்டார், நிஜமாகவே பெருமைப்பட்டார், அதுதான் தாங்க முடியவில்லை.

எப்படித் தெரிந்தது? யார் சொன்னார்கள், நான்கு, இரண்டு, இரண்டு, ஒன்று, மூன்று என்று... சார் சொன்னார். சார்தான் சொன்னார். தாளை நான் பார்த்து அடிப்பேன், ஆனால் விடைக்குறிப்பை மட்டும் அவர் வாயால் சொல்லச் சொல்ல அடிப்பதுதான் எங்கள் வழக்கம், எண் மாறிப்போனால் பிள்ளைகள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். ஐந்தைந்தாகச் சொல்லி நிறுத்துவார், நான் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடிப்பேன், அடித்ததும் இன்னொரு தடவை இருவருமாகப் படித்துச் சரிபார்ப்போம், தொலைபேசி எண்ணை ஒப்பிப்பதுபோல. பன்னிரண்டு வருடம். கதைகள் எல்லாம் வழிந்து ஓடிவிட்டன, எண்கள் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டன. அப்படியானால் நாற்பத்தேழு? அது யாருடைய நாற்பத்தேழு? டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாரே இவர், நடத்துனர்கள் எல்லாம் என்னைப் பார்த்தால் பேராசிரியம்மா என்கிறார்களே, எனக்கு என்னதான் தெரியும், ஏதாவது தெரியுமா, இப்போது வேலையும் போகப்போகிறது... போய்ச் சொல்லிவிடலாமா, சார், அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று? அழுதால் இவர் நேரத்தை நிறுத்திவிடுவார், காரணம் கேட்பார், சொல்ல வேண்டிவரும். பக்கத்தைத் திருப்பினேன்.

ஒரு பெண் வீட்டை விற்றுவிட்டுப் போகிறாள். புருஷன் இல்லை. இரண்டு வார்த்தை புரியவில்லை, போகட்டும், விட்டுவிட்டு மேலே போ. எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிறாள், சுவரில் இருந்த ஆணியைக்கூடப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்கிறாள், எமகாதகி. வாசலில் வண்டி நிற்கிறது. அக்கம்பக்கத்தார் தெருவில் கூடி நிற்கிறார்கள், வழியனுப்பவா, வேடிக்கை பார்க்கவா, எழுதியவர் சொல்லவில்லை. அவள் முன் அறையில் ஸ்டூல் போட்டு ஏறுகிறாள், ஜன்னல் திரையில் கை வைக்கிறாள், அப்புறம் இறங்கிவிடுகிறாள், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். திரை அப்படியே தொங்குகிறது. கதை முடிந்தது. நான் முதலிலிருந்து மறுபடி படித்தேன். மெதுவாக, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி. ஆணிவரை எடுத்தவள் திரையை ஏன் விட்டாள்? இருபத்துமூன்றாம் கேள்வியும் அதையேதான் கேட்கிறது. ஒன்று, நேரமில்லை. இரண்டு, அந்த வீட்டின் மேல் அவளுக்குப் பற்று விட்டுப்போயிற்று. மூன்று, வாங்கியவர் கேட்டுக்கொண்டார். நான்கு, வெறும் வீட்டைத் தெரு பார்ப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. சார் சொன்னது என் காதுக்குள் கேட்கிறது, இரண்டு, இரண்டு... பற்று இல்லாதவளா ஆணியைப் பிடுங்குவாள்? பற்று இல்லாதவளா ஸ்டூலில் ஏறி நின்று அதைத் தொட்டுவிட்டு இறங்குவாள்? எனக்குக் கோபமே வந்துவிட்டது, அவளை எனக்குத் தெரியும்போல, அவளை யாரோ தப்பாகப் பேசிவிட்டதுபோல. இரண்டை ரப்பரால் அழித்தேன், தாள் கிழியாத குறை. நான்கைக் கருப்பாக்கினேன். மற்ற நான்கையும், ஒவ்வொன்றுக்கும் கதையை முதலிலிருந்து படித்து, ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தன. அதற்குள் நேரம் எங்கேயோ போய்விட்டது, மீதி இருபத்தைந்து கேள்வியும் வெறுமையாகக் கிடக்கின்றன, அவற்றின் எண்கள் வரிசையாக வந்து நாக்கில் நிற்கின்றன, நான் எழுதவில்லை.

மணி அடித்தது. "பென்சிலக் கீழ வை" என்றார், சிரித்துக்கொண்டே. தாளைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "என்னம்மா, பாதி காலியா இருக்கு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" "கதையப் படிச்சேன்" என்றேன், "நேரம் போனதே தெரியல." அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணை எண்ணோடு பொருத்திச் சிவப்புப் பேனாவால் திருத்துவார், அதில் ஒரு கண்டக்டர் கணக்கின் சுத்தம் இருக்கும். டிக், டிக், டிக் என்று இருபத்திரண்டு வரை போனவர் நின்றார். "இருபத்திமூணு போச்சே. அழிச்சிட்டு வேற போட்டிருக்கியே, மொதல்ல போட்டதுதான் சரி போல." மனசே இல்லாமல் ஒரு பெருக்கல் குறி போட்டார், சின்னதாக, எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல. நான் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வாரத்தில் நானாகப் போட்ட பதில் அது ஒன்றுதான். அது தப்பா சரியா என்று தெரிந்தாக வேண்டும், ஒன்பது நாளில் வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரிந்தாக வேண்டும். நாளைக்கு வேலைக்குப் போனதும் சாரைக் கேட்கலாம்தான். கேட்டால் அவர் கதையைப் படிக்க மாட்டார், நேரே விடைக்குறிப்பைத்தான் எடுத்துப் பார்ப்பார்.