இரட்டைப்படைப் பூக்கள்

ஸ்தாங்கா என் கதவைத் தட்டி, "வார்த்துஹி அக்கா, எங்களுக்கு ஒரு ஆர்மேனியர் வேணும்" என்றாள். கடையில் எலுமிச்சம்பழம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். எங்கள் குடியிருப்புக்கு அவள்தான் பொறுப்பாளர். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு வணக்கம், அதோடு சரி. என் வீட்டுக்குள் அவள் கால் வைத்ததே அன்றைக்குத்தான்.

எங்கள் பல்கேரிய ஊர் ப்ளோவ்திவ். அதன் நகராட்சி சுவர்களில் ஓவியம் வரையப் பணம் கொடுக்கிறதாம். ஆனால் கட்டடத்தில் இருக்கிற எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்து கேட்டால்தான் கொடுப்பார்களாம். பல்கேரியர் இருக்கிறார்கள், துருக்கியர் இருக்கிறார்கள், ரோமா என்கிற ஜிப்ஸிக் குடும்பம் ஒன்று உண்டு. ஆர்மேனியர் என்று நான் ஒருத்திதான் மிச்சம்.

"நான் வந்து என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. இருந்தா போதும்."

இருப்பதைத்தானே நான் செய்துகொண்டிருந்தேன், அதுவும் தனியாக. சரி என்றேன்.

கூட்டத்துக்கு என் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மேசை பெரிசு, தொந்தரவு என்று முகம் சுளிக்க ஆளும் இல்லை. வியாழன்தோறும் வந்தார்கள். துருக்கிக்காரர் சப்ரி தன் கடையிலிருந்து ஏதாவது கொண்டுவருவார். ரோமாப் பெண் ஸ்லாட்கா சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் புதுக் காபிக் கோப்பைகள் வாங்கினேன். வியாழன் முடிந்ததுமே அடுத்த வியாழனை நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

நாலு சமூகத்துக்கு நாலு முகம் என்று வண்ணத்தில் கேட்டோம். கிடைத்த பணம் ஒரு முகத்துக்குத்தான், அதுவும் கறுப்பு வெள்ளையில். யார் முகம்? பல்கேரிய முகம் என்றதும் சப்ரி உம்மென்று ஆகிவிட்டார். சப்ரி முகம் என்றதும் பல்கேரியக்காரி ஸ்தாங்காவுக்குத் திடீரென்று தலைவலி வந்தது. கடைசியில் ஸ்லாட்கா சொன்னாள்: "அக்கா மூஞ்சியப் போட்டுருங்க. அவங்களால யாருக்கும் வயித்தெரிச்சல் வராது."

எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அந்தக் குழு முதல்முறையாக ஒற்றுமையாக இருந்தது அப்போதுதான். பெருமைப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

போர்ச்சுகலிலிருந்து வந்த துவார்த்தே என்ற பையன் வரைந்தான். ஐந்து மாடி உயரத்துக்கு என் முகம். சுவரின் ஓரம் உதிர்ந்திருந்ததை மறைக்கச் சுற்றிலும் கறுப்புக் கரை கட்டினான். பேர் போட வேண்டும் என்பது நகராட்சி விதி, கீழே பேரையும் எழுதினான். எங்கள் ஊரில் ஒருவர் போய்விட்டால் படமும் பேரும் போட்டுக் கறுப்புக் கரையோடு கண்ணீர் அஞ்சலித் தாள் அச்சடித்துக் கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவோம். பாவம், வெளியூர்ப் பையன், அவனுக்கு என்ன தெரியும். தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. பணம் செலவாகிவிட்டது, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

விழா முடிந்து வந்த வியாழன் காபி போட்டு வைத்தேன். யாரும் வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. மாடிப்படியில் ஸ்தாங்காவை நிறுத்திக் கேட்டேன்.

"இனிமே கூட்டம் எதுக்குக்கா? அதான் சுவர் முடிஞ்சிருச்சே" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனபோது சுவரடியில் நாலு கார்னேஷன் பூக்கள் கிடந்தன. உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று கொடுப்போம். இரட்டைப்படை செத்தவருக்குத்தான். எந்தக் கட்டையில போறவன் வேலை இது என்று திட்டிக்கொண்டே மேலே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பால்கனியில் காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி இறங்கினாள். நெவேனா. ரயில் நிலையத்தில் நான் டிக்கெட் கொடுத்த காலமெல்லாம் அடுத்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள். என் கணவர் ஹாகோப்பின் அடக்கத்துக்கு அவள் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது பூவை வைத்துவிட்டு, சுவரில் என் தாடையைத் தொட்டபடி அழுதாள்.

நான் இறங்கிப் போகவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எனக்காக ஒருத்தி அழுகிறாள். உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் அதுவும் நின்றுபோகும். அதற்கடுத்த சனிக்கிழமையும் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அதற்கும் அடுத்த வாரம் மழை கொட்டியது. அவளிடம் குடை இல்லை. மனசு கேட்கவில்லை. என் குடையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"நெவேனா, நனையுறியேடி."

திரும்பினாள். என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், சுவரிலேயே சாய்ந்துகொண்டாள்.

"நீ சாகலையா?"

"இன்னும் இல்ல."

"நான் வர்றது உனக்குத் தெரியுமா?"

"பால்கனியிலேருந்து பாத்தேன்."

"நான் அழுறதப் பாத்துக்கிட்டு மேலயே நின்னியா?"

"ஹாகோப் அடக்கத்துக்கு நீ ஏன் வரல?" என்றேன்.

"வந்தேன்டி. கல்லறை வாசல்ல நின்னேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட."

அன்றைக்கு நான் யாரையுமே பார்க்கவில்லை. அதைச் சொன்னால் நம்புவாளா?

"மேல வா. காபி போடுறேன்."

"செத்தவ வீட்டுல எனக்கென்ன காபி" என்றாள். பஸ் வந்தது. குடையை நீட்டினேன், வாங்காமல் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பால்கனிப் பக்கமே போகவில்லை. பஸ் வந்து நிற்கிற சத்தமும் போகிற சத்தமும் கேட்டன. அழைப்பு மணி அடிக்கவில்லை. நெடுநேரம் கழித்து ரொட்டி வாங்க இறங்கினேன். சுவரடியில் கார்னேஷன்கள் இருந்தன. குனிந்து எண்ணினேன். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினேன்.

மூன்று.

மேலே கொண்டுவந்து, புதுக் கோப்பை ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.